ஒரு பக்கம் திறந்த பொட்டலம்

பதிவுத் தபால் வாங்கும் நேரம் பிற்பகல் மூன்று மணியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் வரை, அனுப்புகிறவர் தாமதக் கட்டணத்துக்கான தபால்தலையைக் கூடுதலாக ஒட்டிக் கொடுத்தால், பொட்டலத்தை வாங்கிப் பதிவு செய்து அன்றைய பையிலேயே சேர்க்க வேண்டும். விதி இவ்வளவுதான். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இலாகாத் தேர்வில் இது ஒரு கேள்வியாகவே வந்தது. நான் சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். விதி தெரியாமல் தவறு செய்கிறவர்களுக்கு என்ன தண்டனை என்று இலாகாவின் புத்தகத்தில் இருக்கிறது. தெரிந்துகொண்டே செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பதவி உயர்வுதான். எனக்கும் கிடைத்தது.

கள்ளக்குறிச்சித் தபால் நிலையத்தில் நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க ஒரு மனிதர் பதினைந்து நாளைக்கு ஒரு முறை மலையிலிருந்து இறங்கி வருவார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் பம்பாயார்.

“சார், என் பேருக்குப் புக்கு வந்துக்குதா?”

இதுதான் அவர் சொல்லும் முதல் வார்த்தை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். அந்தக் காலத்தில் மலைக்குத் தபால் போய்ச் சேர்வது மழையையும் தபால்காரரின் முழங்காலையும் பொறுத்தது. அதனால், ‘தபால் நிலையத்தில் வந்து பெற்றுக்கொள்வார்’ என்ற குறிப்போடு அவருடைய பத்திரிகை எங்களிடமே வந்து தங்கும். அப்படி ஒரு வசதி இருப்பது எங்கள் ஊர் வக்கீல்களுக்கே தெரியாது. இவர் அதைப் பம்பாயில் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

அது பம்பாயிலிருந்து வரும் ஆங்கில சினிமாப் பத்திரிகை. ஆண்டுதோறும் இந்திப் படங்களுக்குப் பரிசு கொடுத்து விழா நடத்துகிறவர்கள் அவர்கள்தான். யாருக்குப் பரிசு என்பதில் வாசகர்களுக்கும் ஓட்டு உண்டு. ஆண்டுக்கொரு முறை இதழுக்குள் ஒரு படிவம் இருக்கும். அதை நிரப்பிக் கத்தரித்து அனுப்ப வேண்டும். படிவத்தின் அடியில், பார்த்த படங்களுக்கு மட்டும் ஓட்டுப் போடுங்கள் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். இந்த நாட்டில் அந்த வரியைப் படித்த ஒரே ஆள் எங்கள் பம்பாயாராகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

வனத்துறை நாற்றங்காலில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் தினக்கூலி அவர். பரிசுக்கு நிற்கும் படங்களில் ஏதாவது ஒன்று சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு வருகிறது என்று தெரிந்தால், சனிக்கிழமை வேலை முடிந்ததும் மலையிறங்கி, கச்சிராயப்பாளையத்தில் பஸ் மாறி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் படுத்து, விடியலில் சேலத்துக்குப் போவார். இப்படி ஓர் ஆண்டில் இரண்டு படம் பார்த்தால் அதிகம். மற்ற ஓட்டெல்லாம் காலியாகவே போகும்.

ஒரு தடவை எங்கள் மேஜையில், நூல் கட்டிய பேனாவால் அவர் படிவத்தை நிரப்புவதை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் குறி.

“என்னங்க இது, ஒண்ணுக்கு மட்டும் போட்டிருக்கீங்க?”

“ஒண்ணுதான் சார் பாத்தேன்.”

“பாட்டுக்காவது போடலாமே. ரேடியோவில கேட்டிருப்பீங்க.”

“பாட்டு கேட்டேன் சார். படத்துல அது எங்க வருது, எதுக்கு வருதுன்னு பாக்கலியே. பாக்காததுக்குப் போட்டா அது கள்ள ஓட்டு சார்.”

பின்னால் வரிசையில் நின்ற தியாகதுருகத்து மளிகைக் கடைக்காரர் சிரித்துவிட்டார். “அங்க பம்பாய்ல உன் ஓட்டுக்காகத்தான் எண்ணாம குந்திகினு இருக்கான் போ.”

“எண்ணுறது அவன் வேல, போடறது என் வேல,” என்றார் பம்பாயார். படிவத்தை உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, பெட்டிக்குள் போட்டபின் பெட்டியின் வாய்க்குள் கைவிட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்றும் பார்த்தார்.

சினிமா ஓட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பொதுத் தேர்தலில் மலையில் ஒரு சாவடிக்கு நான் அலுவலராகப் போனேன். பம்பாயார் வந்தார், விரலில் மை வைத்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டார், சீட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

“சார், இதுல இருக்குற நாலு பேர்ல ஒருத்தரையும் நான் பாத்ததில்ல. மலைக்கு யாரும் வரல.”

“சின்னத்தைப் பாத்துப் போடுங்க.”

“சின்னத்தையா சார் சட்டசபைக்கு அனுப்பறோம்?”

ஓட்டுப் போட மறுக்கிறவரைப் பற்றியும் ஒரு விதி இருக்கிறது. பதிவேட்டில் குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என் வாழ்நாளில் அந்த விதியை நான் பயன்படுத்தியது அந்த ஒரு தடவைதான். மிகுந்த சந்தோஷத்தோடு பயன்படுத்தினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அன்று அவர் மேல் எனக்கிருந்த பிரியத்தைப் பிற்காலத்தில் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்பு தீவிரமாக இருந்த நாட்களில் ஒரு நாள், கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பையன்கள் எங்கள் கட்டடப் பலகையில் இருந்த இந்தி எழுத்துக்குத் தார் பூச வந்தார்கள். அவர்களிடம் ஏணி இருந்தது, பிடிக்க ஆள் இல்லை. வாசலில் பத்திரிகையோடு நின்றவர் இவர்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்தவன் பார்த்துவிட்டான்.

“யோவ், கக்கத்துல இன்னாயா அது? இந்திப் படமா?”

“ஆமாப்பா. நீ பூசு, ஏணி ஆடாது.”

“இந்திப் படம் பாத்துகினே இந்திக்குத் தார் பூசறியா? நீ எந்தக் கட்சி?”

“போர்டுல எழுதறான் பாரு, அது என்னக் கேக்காம எழுதறது. இந்தப் புக்கு நான் கேட்டு வாங்கறது. ரெண்டும் ஒண்ணா?”

பையன்கள் போனதும் கையில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ஓட்டுப் படிவத்தைப் போட்டார். எங்கள் போஸ்ட்மாஸ்டர் இதைப் பற்றி மேலே அறிக்கை அனுப்பும்போது, ‘ஏணியைப் பிடித்தவர் அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன்.

அவரிடம் நீளமான ஒரு நோட்டு இருந்தது. அந்த விழாவின் வரலாறு முழுக்க அதில் இருந்தது. ஆண்டுக்கு ஒரு பக்கம். எந்தத் தியேட்டரில் நடந்தது, என்னென்ன பரிசு, யாருக்கு, யார் கொடுத்தார்கள், எல்லாம். தொடக்கத்தில் ஐந்தே பரிசுதான். பாடுகிறவர்களுக்கென்று ஒரு பரிசு வருவதற்கே சில ஆண்டுகள் ஆயின. அப்போதும் பாடுகிற ஆணும் பெண்ணும் ஒரே பரிசுக்குப் போட்டியிட வேண்டியிருந்தது. இருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்க மேலும் பல ஆண்டுகள். இலாகாவில் பதவிகள் பெருகுவதைப் போலவே அங்கே பரிசுகள் பெருகின. ஒவ்வொன்றும் சேர்ந்த ஆண்டில் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார். எதை எந்த இதழிலிருந்து எடுத்தார் என்பதும் பக்கத்தின் அடியில் இருந்தது. நான் பார்த்த சர்க்கார் பதிவேடுகளில் எதுவும் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

முதல் பக்கத்தில் மட்டும் ஐந்து பெயருக்குக் கீழே ஆறாவதாக ஒரு பெயர்: காசிம். பரிசு, சான்றிதழ்.

அதைப் பற்றிக் கேட்டபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிமலை பஸ் வரவில்லை. எங்கள் முகப்பில் ஒதுங்கி நின்றபடி சொன்னார். மழை பொய்த்த ஒரு வருஷம் நைனார்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு ஓடிப்போனவர் அவர். அவருடைய குடும்பம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். பம்பாயில் ஒரு பெரிய தியேட்டரில், படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து நாற்காலி காட்டும் வேலை கிடைத்தது. முதல் விழா, மார்ச் இருபத்தொன்றாம் தேதி, அந்தத் தியேட்டரில்தான் நடந்தது.

“எல்லாம் முடிஞ்சிபோச்சி சார். பெரிய மனுசங்க சாப்பாட்டுக்குக் கெளம்பிட்டாங்க. மேடையில லைட்டையும் அணைச்சிட்டான். அப்பதான் ஒருத்தருக்கு ஞாபகம் வந்து, ‘காசிம் எங்க, காசிம் எங்க’ன்னு கூவறாரு. அந்தாளு கடைசி வரிசையில குந்திகினு இருக்காரு. படத்துல மழ பெய்யிற சத்தம், குதிர ஓடற சத்தம், கதவு சாத்தற சத்தம், அதெல்லாம் செய்யறவரு அவரு. தகரம், கொட்டாங்கச்சி, ஈரத்துணி, அதவச்சியே செய்வாராம். எழுந்து வராரு, படி தெரியல. நான் டார்ச்ச அடிச்சேன். ஒவ்வொரு படியா அடிச்சேன். மேல போயி ஒரு காயிதம் வாங்கினாரு. கை தட்ட ஆள் இல்ல. நான் டார்ச்ச கக்கத்துல சொருவிகினு தட்டினேன் சார். என் கை மட்டும் கேட்டுது.”

அந்த முதல் விழாவைப் பற்றி வந்த இதழை அவர் வாங்கி வைத்திருந்தார். செய்தியின் கடைசியில் காசிமுக்கு ஒரே ஒரு வரி. அடுத்த ஆண்டிலிருந்து அந்த வரி எங்கும் வரவில்லை. பிற்பாடு விழாவின் வரலாற்றை யார் எழுதினாலும் ஐந்து பரிசு என்றே எழுதினார்கள்.

இனி என் பங்கு.

ஒரு வருஷம், ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டிய எங்கள் கவுண்டர் தாமதமாகத் திறக்கிறது என்று யாரோ புகார் எழுதினார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று வரிசையில் நின்றவர்களிடம் விசாரித்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஞாபகமில்லை என்றார்கள். பம்பாயாரின் முறை வந்தது.

“போன முறை வந்தப்ப கவுண்டர் எப்போ தொறந்தாங்க?”

“ஒம்பது இருவதுக்குத் தொறந்தாரு சார்.”

“நிச்சயமா?”

“எதுத்தாப்ல கடியாரம் இருக்குது. பாத்துகினேதான் நின்னேன்.”

பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சமும் பகையில்லாமல், “கேட்டாரு சார், சொன்னேன்,” என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு பக்கக் கடிதம்தான். அன்று என் சைக்கிள் பஞ்சராகியிருந்தது என்று நான் எழுதிய விளக்கத்தை யாரும் மதிக்கவில்லை. அதற்கப்புறம் பம்பாயார் வந்தால் அவருடைய பத்திரிகையைத் தேடுவதற்கு நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அந்தப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. விழா தொடங்கியதிலிருந்து பரிசு பெற்ற எல்லோருடைய பெயரையும் தொகுத்துச் சிறப்பு மலர் போடப்போகிறார்கள். பழைய இதழ்கள் சில அவர்களிடமே இல்லை. வைத்திருக்கிற வாசகர்கள் இன்ன தேதிக்குள் அனுப்பினால் சரிபார்த்துக்கொள்வார்கள். பம்பாயார் அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினார். “காசிம் பாய் பேரு ஏறிடும் சார்,” என்றார். “இருந்தாருன்னா பாப்பாரு. இல்லன்னா அவரு புள்ளைங்க பாக்கும்.”

அந்த இதழைப் பதிவுத் தபாலில் அனுப்ப அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாற்பதுக்கே வந்துவிட்டார். எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். வரிசையில் தனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவருக்குக் கலெக்டருக்கு மனு அனுப்ப வேண்டியிருந்தது. அவரை முன்னால் விட்டார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணையும் விட்டார். கவுண்டருக்கு அவர் வந்தபோது மணி மூன்று மூன்று.

காக்கித் துணியில் சுற்றி, நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்திருந்தார். விலாசம் அழியாத காப்பிங் பென்சிலில், ஒவ்வொரு எழுத்தும் அச்சு மாதிரி.

“சார், இத ரிஜிஸ்தர் பண்ணணும்.”

“மணி என்னங்க?”

திரும்பிப் பார்த்தார். “மூணு மூணு.”

“போர்டுல என்ன எழுதியிருக்கு?”

“மூணு மணி வரைன்னு.”

“அப்புறம் என்ன? கடியாரம் பாக்கறதுல நீங்கதான் கெட்டிக்காரராச்சே.”

போர்டை மறுபடி ஒரு முறை படித்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு கேட்டார்: “வேற வழி எதுனா இருக்குதா சார்?”

தாமதக் கட்டண விவரம் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. அதன் முன்னால் ஒரு பீரோ நின்றது. நான் பீரோவைப் பார்த்தேன். “இல்லை,” என்றேன்.

“நாளைக்கு வர முடியாது சார். கன்னு நடற சீசன். மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரு. அவங்க குடுத்த கெடுவும் நெருங்கிடுச்சி.”

“புக் போஸ்ட்ல போடுங்க. ஆனா இப்படித் தைச்சு மூடியிருக்கக் கூடாது. ஒரு பக்கம் திறந்திருக்கணும். உள்ள கடிதம் எதுவும் இருக்கக் கூடாது.”

இதுவும் விதிதான். இதை மட்டும் நான் அட்சரம் பிசகாமல் சொன்னேன். கத்தரிக்கோலை அவர் பக்கம் தள்ளினேன்.

வெடுக்கென்று வெட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு தையலாக வெட்டினார். நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே விரலை விட்டு, நாலாக மடித்த ஒரு கடிதத்தை உருவி எடுத்தார். காசிமைப் பற்றி அவர் எழுதியிருந்தது அதுதான். தனியாக ஓர் உறையில் போட்டு அன்றே அனுப்பியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பொட்டலத்தை என் கையில் கொடுத்து, “பத்திரம் சார்,” என்று சொல்லிவிட்டு ஓடினார். கடிதத்தை அடுத்த முறை வந்தபோதுதான் தபாலில் சேர்த்தார்.

சிறப்பு மலர் வந்தது. எங்கள் மேஜையிலேயே வைத்துப் பிரித்தார். முதல் ஆண்டுக்கு ஐந்து பெயர்கள்தான் இருந்தன.

“போய்ச் சேரலையா சார்?”

“பதிவு செஞ்சிருந்தா ரசீது நம்பர் வெச்சுத் தேடலாம். இதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது.”

தலையாட்டினார். நோட்டை எடுத்தார். என்னிடம் சிவப்பு மையும் ரூல்தடியும் கேட்டார். எதற்கென்று தெரியாமல் கொடுத்தேன். முதல் பக்கத்தில் காசிம் என்ற வரியின் மேல் ரூல்தடியை வைத்து, ஒரே கோடாக அடித்தார். ஓரத்தில் எழுதினார்: ஆதாரம் இல்லை.

“என்ன செய்றீங்க? நீங்கதான் உங்க கண்ணால பாத்தீங்களே!”

“பாத்தேன் சார். அது எனக்கு. இது மத்தவங்க படிக்க எழுதறது. காயிதம் கையில இருந்த வரைக்கும் எழுதினேன். இல்லாதப்போ எப்டி வெச்சிகினு இருக்கறது?”

மை காயும் வரை நோட்டை விரித்தே வைத்திருந்து, பிறகு மூடினார். ரூல்தடியைத் துடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் வந்தார். ஓட்டுப் போட்டார். விழா தொலைக்காட்சிக்கு வந்த பிறகு, கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு டிவிக் கடையின் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவரை ஒரு நாள் கண்டேன். மேடையே தெரியாத அளவுக்கு ஆட்டம், புகை, விளக்கு. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“வெளிச்சம் ஜாஸ்தியா பூட்டுது சார். யாருக்கும் டார்ச்சு அடிக்க வேண்டியதில்ல,” என்றார். கொஞ்சம் கழித்து, “கடைசி வரிசைய மட்டும் காட்ட மாட்டறான்,” என்றார்.

அப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். “பம்பாயாரே, அன்னிக்கு அந்தப் பொட்டலம்...”

“சொல்லுங்க சார்.”

“ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்கு நேரமாகலியா?”

நான் ஓய்வு பெற்றேன். சில ஆண்டுகள் கழித்து அவர் மனைவி என் வீட்டைத் தேடி வந்தார். மலைக்காரப் பெண்மணி. கையில் மஞ்சள் பை. பம்பாயார் போன மாதம் இறந்துவிட்டார் என்றார். பைக்குள் அந்த நோட்டு இருந்தது.

“உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு சார். எழுத்து வேலை தெரிஞ்சவரு நீங்கதானாம்.”

காப்பி கொடுத்தோம். புரட்டிப் பார்த்தேன். கடைசி வரை எழுதியிருந்தார். நடுவில் இரண்டு ஆண்டுகள் விழா நடக்கவே இல்லை. அந்த இரண்டு பக்கங்களிலும் ‘நடக்கவில்லை’ என்று மட்டும் எழுதி மிச்சத்தைக் காலியாக விட்டிருந்தார். முதல் பக்கத்தில் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. என் அலுவலக மை.

அந்த அம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “சார், லேட்டா வந்தாலும் ஸ்டாம்பு ஒட்டினா வாங்கிப்பாங்கன்னு ஒண்ணு இருக்குதாமே?”

நான் நோட்டை மூடினேன்.

“உங்க ஆபீசுக்கு வெள்ள அடிச்சாங்களாமே, அப்ப பீரோவ நவுத்தியிருந்தாங்களாம். செவுத்துல எழுதி மாட்டியிருந்தத படிச்சாராம். வூட்டுக்கு வந்து சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

“சாருக்கு மறந்து போயிருக்கும்னாரு. நான் வுடல. ‘அது எப்டிய்யா மறக்கும், அவரு வேலையே அதானே, வேணும்னே பண்ணியிருப்பாரு’ன்னு சண்ட போட்டேன்.” அந்த அம்மாள் என்னை நேராகப் பார்த்தார். “அதுக்கு அவரு, ‘அவரு மனசுல இன்னா இருந்திச்சின்னு நான் பாக்கலியே’ன்னாரு. பாக்காதத சொல்லமாட்டாருங்களே அவரு.”

வெள்ளை அடித்தது, பொட்டலம் போன அடுத்த ஆண்டு. டிவிக் கடை வாசலில் நாங்கள் நின்றது அதற்கு வெகு காலம் கழித்து. அன்று, “சொல்லுங்க சார்,” என்றவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த அம்மாளிடம் நான் உண்மையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எழுந்தார். “எனக்குத் தெரியும் சார்,” என்றார். பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே எழுதத் தொடங்கினேன். கடிதம் எழுதுவது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரியும். பத்திரிகையின் ஆசிரியருக்கு முதல் கடிதம். பிறகு நினைவூட்டல். அதைக் குறிப்பிட்டு இரண்டாம் நினைவூட்டல். ஒவ்வொன்றும் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். அட்டைகள் ஒழுங்காகத் திரும்பி வந்தன. யாரோ ஒருவர் புரியாத கையெழுத்தில் வாங்கிக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. ஆசிரியர்கள் மாறினார்கள், அலுவலகம் இடம் மாறியது, நான் விடாமல் எழுதினேன். பேரன் இதை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றான். ஒப்புகை அட்டை வருமா என்று கேட்டேன்.

கடைசியில் எழுதியது ஒரு நூலகர். பழைய இதழ்களைக் கணினியில் ஏற்றும் வேலையில் இருக்கிறாராம். என் கடிதங்களின் கட்டு அவர் மேஜைக்கு வந்திருக்கிறது. நான் கேட்ட முதல் விழா இதழ் அவர்களிடம் இருக்கிறது. அது சிறப்பு மலர் அச்சுக்குப் போன மறுநாள், புக் போஸ்ட்டில், ஒரு பக்கம் திறந்த காக்கித் துணி உறையில் வந்ததாக வரவுப் பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது. உடன் கடிதம் எதுவும் இல்லாததால் எதற்காக வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, நூலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னால் தனியே போன கடிதத்தை யாரும் இதோடு சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பதிவுத் தபால் என்றால் முதல் பையில் போயிருக்கும். புக் போஸ்ட் கடைசிப் பையில் போகும். அந்த வித்தியாசம் ஒரு நாள் என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடிதத்தோடு ஒரு நகல் இருந்தது. அந்தப் பக்கத்தின் கடைசி வரி: ஒலிகளை உருவாக்கிய திரு. காசிமுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. வரிக்குப் பக்கத்தில் காப்பிங் பென்சிலில் ஒரு சின்ன நட்சத்திரம். பட்டியலைத் திருத்திவிட்டதாகவும், இனி வெளிவரும் வரலாற்றில் முதல் ஆண்டுக்கு ஆறு பெயர்கள் இருக்கும் என்றும் நூலகர் எழுதியிருந்தார்.

நகலை நோட்டின் முதல் பக்கத்துக்கு எதிரே ஒட்டினேன். சிவப்புக் கோட்டின் மேல் மட்டும் நான் கை வைக்கவில்லை. அடித்ததை மீண்டும் சேர்ப்பதானால் அடித்தவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும். வேறு யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. இந்த விதியை நான் மீறுவதாக இல்லை.

மற்றொரு நகலை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனேன். நாற்றங்காலுக்குப் பக்கத்தில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அந்த அம்மாள் முந்தின ஆடியில் இறந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நூலகரின் பதில் சாதாரணத் தபாலில் வந்திருந்தது. உறையின் பின்புறம் கள்ளக்குறிச்சி முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறது: மார்ச் இருபத்தொன்று, முதல் விழா நடந்த அதே தேதி.